ஆள் எப்படி? தமிழில் குணம் சொல்லும் சொற்கள்

தமிழ்நாட்டில் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி உண்டு: மாணவரின் ஒழுக்கமும் பண்பும். அதற்கு நேரே ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே சொல்தான் விழுகிறது: நன்று. சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் நன்று, சத்துணவு முட்டையைப் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாதி கொடுத்தவனுக்கும் நன்று. ஆசிரியரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வேறு சொல் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாசல் அடைபட்டுப் போகும். ஆனால் அதே ஆசிரியரிடம் மாலையில் டீக்கடையில் வைத்து அதே பையனைப் பற்றிக் கேளுங்கள். "துடியான பையன், ஆனா முன்கோபி. கை சுத்தம். யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டான்" என்று நாலே வார்த்தையில் ஆளைக் கண்முன் நிறுத்திவிடுவார்.

இந்த மாலைப்பேச்சுச் சொற்கள்தான் இங்கே பேசுபொருள். ஒருவருடைய குணத்தைச் சொல்லத் தமிழில் என்னென்ன இருக்கின்றன, அவை மொழியின் எந்தெந்த மூலையில் கிடக்கின்றன, யார் யாரைப் பார்த்து எதைச் சொல்ல முடிகிறது, தொகுத்தவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒரு சுற்றுப் பார்க்கலாம். நான் எங்கே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் குணச்சொல் என்பது ஒருவருக்கு உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றுக்கு இட்ட பெயர் மட்டுமன்று. பெரும்பாலும் அது, அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டவர்கள் தரும் சாட்சியம். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சொன்னவரை விட்டுவிட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

குணச்சொற்களை எண்ணிப் பார்க்கும் வேலையை உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். 1884-இல் பிரான்சிஸ் கால்டன் ரோஜேயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்து, குணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஆயிரமாவது தேறும் என்று மதிப்பிட்டார். மனிதருக்கு மனிதர் உள்ள முக்கியமான வேறுபாடு எதுவானாலும் மக்கள் நாளடைவில் அதற்கொரு சொல்லை உண்டாக்கியிருப்பார்கள், ஆகவே அகராதியே குணங்களின் பதிவேடு என்ற எண்ணம் இங்கிருந்து வளர்ந்தது. 1936-இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியை முழுக்கச் சலித்து 17,953 சொற்களை எடுத்தார்கள். நான்கு கூறாகப் பிரித்தார்கள்: நிலையான குணங்கள் 4,504, வந்து போகும் மனநிலைகள் 4,541, புகழும் பழியுமான மதிப்பீட்டுச் சொற்கள் 5,226, எதிலும் ஒட்டாத மிச்சம் 3,682. பின்னால் வந்த ரேமண்ட் கேட்டல் முதல் கூற்றை அடிப்படையாகக் கொண்டு, ஒத்தவற்றைச் சேர்த்துச் சேர்த்து முப்பத்தைந்து தொகுதிகளாகச் சுருக்கினார். 1961-இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டூப்பஸ், கிறிஸ்டல் இருவரும் எல்லாவற்றையும் ஐந்தில் அடக்கலாம் என்றார்கள். 1981-இல் லூயிஸ் கோல்ட்பர்க் அதற்குப் 'பெரிய ஐந்து' என்று பெயர் வைத்தார். இன்று வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் நீட்டும் ஆளுமைத் தேர்வுகள் பலவற்றுக்கும் வேர் இந்த வரிசையில் இருக்கிறது.

அந்த நான்கு கூறுகளில் மிகப் பெரியது எது என்று பாருங்கள். புகழும் பழியும். அதைத்தான் ஒதுக்கி வைத்தார்கள். அவை ஆளைவிடச் சொல்பவரின் சமூகத்தைத்தான் அதிகம் காட்டுகின்றன என்பது அதற்குக் காரணம். ஆங்கிலத்துக்கு அது எவ்வளவு பொருந்துமோ தெரியாது, தமிழில் அந்தப் பிரிப்பே சாத்தியமில்லை என்பது என் கருத்து. 'கறாரானவர்' என்பது குணமா, புகழா, பழியா? கடன் கொடுத்தவர் சொன்னால் ஒன்று, கடன் வாங்கியவர் சொன்னால் வேறு.

ஆங்கிலத்தைத் தாண்டிப் போனபோது ஐந்து என்ற கணக்கும் அப்படியே நிற்கவில்லை. கொரியம், பிரெஞ்சு, ஹங்கேரியம், இத்தாலியம் முதலான மொழிகளின் சொல்லாய்வுகளை ஒப்பிட்ட ஆஷ்டனும் லீயும் 2000-களில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: நேர்மையும் தன்னடக்கமும் சேர்ந்த ஒரு தொகுதி. 2013-இல் வெளிவந்த இந்திச் சொல்லாய்வில், சாத்விகம், ராஜசம், தாமசம் என்ற பழைய முக்குணப் பகுப்பை நினைவூட்டும் மூன்று தொகுதிகள் கிடைத்தன. ஒவ்வொரு மொழியும் மனிதரைத் தன் கண்ணால்தான் பார்க்கிறது என்பதற்கு இவ்வளவு சான்று போதும்.

தமிழுக்கு வந்தால் முதல் தடை இலக்கணத்திலேயே இருக்கிறது. இந்த ஆய்வுகள் பெரிதும் நம்பியிருப்பது பெயரடைகளை. தமிழிலோ தனிப் பெயரடைகள் சொற்பம்: நல்ல, தீய, பெரிய, சிறிய என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பழந்தமிழ் குணத்தை வினைபோல நடத்தியது. நல்லேன், நல்லை, நல்லன், நல்லர் என்று தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாவற்றிலும் அது திரியும். இலக்கணத்தார் இதைக் குறிப்பு வினை என்றார்கள். இன்றைய தமிழ் வேறு வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. 'காரன், காரி, காரர்' சேர்த்துப் பிடிவாதக்காரர். 'சாலி' சேர்த்துப் பொறுமைசாலி. 'வாதி' சேர்த்துக் காரியவாதி. 'மூஞ்சி' சேர்த்துச் சிடுமூஞ்சி, அழுமூஞ்சி. இழிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'பேர்வழி'. இவையும் போதாதபோது, சொற்றொடர்தான்.

பெண் வீட்டிலிருந்து ஒரு பெரியவர், மாப்பிள்ளையாகப் போகிறவரின் ஊருக்கு வந்து விசாரிப்பதை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, டீ சொல்லி, மெல்ல ஆரம்பிப்பார். "பையன் எப்படிங்க?" கடைக்காரர் சொல்வார்: "பையன் இருக்கிற இடம் தெரியாதுங்க. தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பான். ஒரு வம்பு தும்புக்குப் போக மாட்டான். பெரியவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை." இந்தப் பதிலில் குணத்தைக் குறிக்கும் பெயரடை ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்டவர் முழுத் திருப்தியோடு டீயைக் குடித்து முடிப்பார். அதே கேள்விக்கு "பரவாயில்லைங்க" என்று பதில் வந்தாலோ, பையனைக் கேட்டால் "அவங்க அப்பா தங்கமான மனுஷனுங்க" என்று பேச்சு அப்பாவிடம் போனாலோ, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். அகராதியில் இந்த இரண்டும் நல்ல வார்த்தைகள்தான்.

அந்தப் பதிலை இன்னொரு முறை பாருங்கள். ஏறத்தாழ முழுவதும் எதிர்மறை. தெரியாது, போக மாட்டான், பேசினதில்லை. நாம் ஒருவரை மனமாரப் பாராட்டும்போது அவர் செய்யாதவற்றைத்தான் அடுக்குகிறோம்: அதிர்ந்து பேச மாட்டார், சொன்ன சொல் தவற மாட்டார், அடுத்தவர் காசுக்கு ஆசைப்பட மாட்டார், மறைவில் ஒன்று பேச மாட்டார். இது நேற்று வந்த பழக்கமும் அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காதலர் இருவருக்குள் இருக்க வேண்டிய ஒப்புமைகளை ஒரு நூற்பாவில் அடுக்குகிறது. உடனே அடுத்த நூற்பாவில் இருக்கக் கூடாதவற்றை அடுக்குகிறது. பிறர் ஆக்கம் பொறுக்காத நிம்பிரி, கடுஞ்சொல், மறதியாகிய பொச்சாப்பு, சோம்பல் முதலியவை அதில் வரும். திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளில் குணத்தைப் பற்றியவற்றை எடுத்துக்கொண்டால் அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, பிறனில் விழையாமை, வெகுளாமை, பொச்சாவாமை என்று நீள்கிறது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் டீக்கடைக்காரரும் வள்ளுவரும் ஒரே இலக்கணத்தில்தான் பேசுகிறார்கள்.

இதில் ஒரு பெரிய வலு இருக்கிறது. 'நேர்மையானவர்' என்பது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. 'அடுத்தவர் காசைத் தொட மாட்டார்' என்று சொல்ல, தொடக்கூடிய வாய்ப்பு வந்து அவர் தொடாததைப் பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு ஆள் தெரிவது பற்றிய தெரிந்துதெளிதல் அதிகாரம் இதே வழியில்தான் போகிறது. குற்றமே இல்லாதவரைத் தேடிக்கொண்டிருக்காதே, குணத்தையும் குற்றத்தையும் எடுத்துப் பார்த்து எது மிகுதியோ அதைக் கொள் என்கிறது. ஒருவரின் உயர்வு தாழ்வுக்கு அவர் செய்யும் செயலையே உரைகல்லாக்குகிறது. ஆனால் எதிர்மறைப் பாராட்டுக்கு ஒரு விலையும் உண்டு. செய்யாமையே குணமாகிவிட்டால், கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் எதிர்த்து நிற்கும் பெண்ணுக்கும் நல்ல பெயர் கிடைப்பது அரிது. இதைப் பிறகு பார்க்கலாம்.

தமிழ்க் குணச்சொற்களில் பெரும்பங்கு உடலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெறுமனே அலங்காரமாக அன்று. எந்த உறுப்பு எந்த நடத்தைக்குப் பொறுப்பு என்ற ஒரு பங்கீடே இருக்கிறது. கை என்றால் காசு. கை சுத்தமானவர் பிறர் பணத்தைத் தொடாதவர், கை நீளமானவர் தொடுபவர், கையிறுக்கமானவர் தன் பணத்தையே வெளியே விடாதவர். வாயும் நாக்கும் வாக்குறுதிக்கும் ரகசியத்துக்கும் பொறுப்பு: நாக்குத் தவறாதவர், ஓட்டைவாய், வாய்ச்சொல் வீரர். நெஞ்சில் இருப்பது இரக்கமும் உறுதியும்: நெஞ்சில் ஈரமுள்ளவர், கல்நெஞ்சுக்காரர், நெஞ்சழுத்தக்காரர், நெஞ்சுரம் கொண்டவர். பொறாமை வயிற்றில் எரிகிறது. கோபம் மூக்கின்மேல் இருக்கிறது. கர்வம் தலையில் கனக்கிறது. முகத்துக்கு உரியது பழக்கம்: முகம் கொடுத்துப் பேசுபவர், சிடுமூஞ்சி. இவற்றுள் 'முகதாட்சண்யம்' என்னை மிகவும் கவர்ந்த சொல். நேரில் வந்து நின்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாமல் போவது. கேட்டவர் போனில் பேசியிருந்தால் இவர் மறுத்திருப்பார்; முகம் பார்த்துவிட்டதால் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இந்தக் குணத்தால் வீடு வாசல் இழந்தவர்கள் நம் எல்லோர் சொந்தத்திலும் ஒருவராவது இருப்பார். இது இரக்கமன்று, பயமுமன்று, இளகிய மனசு என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. இரண்டு முகங்கள் எதிரெதிரே இருந்தால் மட்டுமே பிறக்கும் குணம். தனியாக ஓர் ஆளுக்குள் தேடினால் கிடைக்காது.

பணத்தைப் பற்றிய சொற்களில் தமிழ் காட்டும் நுணுக்கம் தனிக் கட்டுரைக்கு உரியது. சீட்டு நடத்துபவரிடம் கேட்டால் தெரியும். நாணயமானவர் என்றால் எடுத்த சீட்டுக்குத் தவறாமல் கட்டுபவர். கெட்டிக்காரர் எப்போது எடுத்தால் லாபம் என்று அறிந்தவர். சிக்கனமானவரும் கஞ்சரும் ஒரே அளவு செலவழிக்கலாம். ஆனால் கஞ்சரின் வீட்டில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டது கிடைக்காமல் இருக்கிறார். ஊதாரி தன் காசை அழிப்பவர்.

பேசாமல் இருப்பதைக் குறிக்கும் சொற்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உளவியல் பாடநூல்கள் இப்படிப்பட்டவர்கள் எல்லோரையும் 'அகமுகி' என்ற ஒரே கூரையின்கீழ் கொண்டுவருகின்றன. ஊர்ப்பேச்சில் அதற்குள் எத்தனை மனிதர்கள்! பேசத் தெரிந்தும், பேச விஷயம் இருந்தும், முந்திக்கொண்டு பேசாதவர் அடக்கமானவர். யாருக்கும் கெடுதல் நினைக்காமல் ஒதுங்கி இருப்பவர் சாது. பேச ஆசையிருந்தும் வாய் வராதவர் கூச்ச சுபாவம் உள்ளவர். பேசியே ஆக வேண்டிய இடத்திலும் பேச முடியாமல் அடங்கிப் போனவர் வாயில்லாப்பூச்சி. மாமியார் வீட்டில் கஷ்டப்படும் மகளைப் பற்றித் தாய் சொல்லும் சொல் அது. விஷயத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்பவர் கமுக்கமானவர். அவருக்கும் அழுத்தக்காரருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், கமுக்கமானவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அழுத்தக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துக் கோபம் வந்தவர் வாயிலிருந்து 'கல்லுளிமங்கன்' வருகிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதால் பேசாதவர் உம்மணாமூஞ்சி. ஒன்றும் பேசாமல் இருந்தபடியே ஆளைச் சீண்டிவிடும் திறமைக்கு ஊமைக்குசும்பு என்று பெயர்.

இவர்கள் எல்லோருக்கும் வெளியே தெரியும் நடத்தை ஒன்றுதான்: அமைதி. ஏன் பேசவில்லை, யாரிடம் பேசவில்லை, பேசாததால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொண்டு தமிழ் அவர்களைப் பிரிக்கிறது. கேள்வித்தாளில் 'கூட்டங்களில் நான் அதிகம் பேசுவதில்லை' என்ற வரிக்கு நேரே ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டுப் போகும் இளைஞர் வாயில்லாப்பூச்சியா, கல்லுளிமங்கனா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலைக்கு எடுப்பவருக்கோ தெரிய வேண்டியது அதுதான்.

செருக்கைக் குறிக்கும் சொற்கள் இதைவிடவும் பெருங்கூட்டம். ஒவ்வொன்றுக்கும் இடம் தனி. செருக்கும் இறுமாப்பும் ஏட்டில் வாழ்பவை. ஆணவம் சைவ சித்தாந்தத்தில் உயிரின் அறிவை மறைக்கும் மலங்களுள் முதலாவது. இன்றும் அரசியல் மேடையில் அந்தச் சொல் விழும்போது வெறும் திமிரைவிடக் கனமாகத்தான் விழுகிறது. கர்வத்தில் கொஞ்சம் நியாயம் கலந்திருக்கலாம், வித்துவானுக்கு வித்யாகர்வம் இருந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். தலைக்கனம் புதிதாக வந்த பதவியோடு வருவது. ஜம்பத்துக்கும் பந்தாவுக்கும் உள்ளே சரக்கு இருக்காது. கொழுப்பு உரிமையுள்ளவர்கள் சொல்வது. "உனக்குக் கொழுப்புடி" என்று பாட்டி பேத்தியைச் சொல்லும்போது அதில் பாதிக்கு மேல் கொஞ்சல்.

திமிர் அப்படியன்று. திமிர் பெரும்பாலும் மேலிருந்து கீழே பாயும் சொல். முதலாளிக்குத் திமிர் என்று வேலைக்காரர் மறைவில்தான் சொல்ல முடியும். வேலைக்காரருக்குத் திமிர் என்று முதலாளி நடுத்தெருவில் சொல்வார். நிமிர்ந்து உட்காருவதைப் பெரிய மனிதரிடம் கண்டால் மிடுக்கு, கம்பீரம். அதையே பட்டியல் சாதி இளைஞரிடம் கண்டால் திமிர். கூலியை எண்ணிப் பார்த்து வாங்கியது, செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தது, நல்ல சட்டை போட்டது, இவையெல்லாம் இந்தச் சொல்லுக்கு ஆளாகியிருக்கின்றன. அதைத் தொடர்ந்து அடியும் விழுந்திருக்கிறது. ஆகவே இந்தச் சொல்லை வெறும் 'எதிர்மறைக் குணம்' என்று பட்டியலிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சாதியே நேராகக் குணச்சொல்லாக மாறிய கொடுமையும் உண்டு. ஈவிரக்கமற்றவரைச் 'சண்டாளன்' என்று திட்டுவது வழக்கம். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் வரிசையில் இருக்கும் ஒரு மக்கட்பிரிவின் பெயர். பிறப்பை வைத்துக் குணத்தை அளந்த பழைய முறையின் கறை இது. 'குடிமை' என்ற சொல்லே நற்குடிப் பிறப்பையும் அதற்குரியதாகக் கருதப்பட்ட ஒழுக்கத்தையும் ஒருசேரக் குறித்தது. இன்று எழுதுகிறவர்கள் இத்தகைய சொற்களைக் கையிலெடுக்கும் முன் நிறுத்தி யோசிக்க வேண்டும். மாற்றுச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை; கொடியவன், இரக்கமற்றவன் என்று சொல்ல முடியாதா?

பெண்களுக்கென்று தனியாக ஒரு சொற்கிடங்கே இருக்கிறது. அச்சம், நாணம், மடம் என்று தொல்காப்பியம் பெண்ணுக்குச் சொன்ன மூன்றோடு பின்னால் பயிர்ப்பும் சேர்ந்து நாற்குணமாயிற்று. ஆணுக்குச் சொன்னவை பெருமையும் உரனும். இந்தப் பங்கீடு ஏட்டோடு நிற்கவில்லை. நன்றாகப் பேசும் ஆண் பேச்சுத் திறமை உள்ளவர், பெண் வாயாடி. தன் முடிவில் நிற்கும் ஆண் கொள்கைப் பிடிப்புள்ளவர், பெண் ராங்கிக்காரி. அதட்டுகிற அப்பா கண்டிப்பானவர். அதே குரலில் அதட்டும் பெண்ணுக்குப் பஜாரி என்ற பெயர் காத்திருக்கிறது. 'அடங்காப்பிடாரி'க்கு ஆண்பால் வழக்கில் இல்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் வரும் 'குடும்பப் பாங்கான' என்ற சொல் மணமகன் தேவை விளம்பரத்தில் மணமகனைக் குறித்து ஏறுவது அரிது; அங்கே 'தீய பழக்கங்கள் இல்லாத' என்பதே போதுமானதாக இருக்கிறது. கற்பு ஏன் ஒரு பாலுக்கு மட்டும் என்று பாரதியும் பெரியாரும் கேட்டார்கள். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. கற்பின்மேல் கேட்ட கேள்வியை வாயாடியின்மேலும் ராங்கியின்மேலும் கேட்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

காலம் சொற்களைப் புரட்டிப் போட்டதும் உண்டு. வெகுளி என்றால் பழந்தமிழில் சினம். வெகுளாமை அதிகாரம் சினம் கொள்ளாமையைத்தான் பேசுகிறது. இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். கண்ணோட்டம் குறளில் சான்றாண்மையைத் தாங்கும் ஐந்து தூண்களுள் ஒன்று, கண்ணில் ஓடும் பரிவு; இன்று பார்க்கும் கோணம் என்பதோடு சுருங்கிவிட்டது. பரிவின் இடத்தைத் தாட்சண்யமும் இரக்கமும் எடுத்துக்கொண்டன.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது 'பிழைக்கத் தெரியாதவர்'. ஒரு தாலுகா அலுவலகத்தில் கையூட்டு வாங்காமல் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுபவரை அவருடைய சொந்தக்காரர்களே இப்படித்தான் சொல்வார்கள். வாய்மையும் நாணமும் சான்றாண்மையின் தூண்கள் என்று எண்ணிய மொழியில், அந்தத் தூண்களைச் சுமந்தவருக்குக் கிடைக்கும் பெயர் இது. 'அப்பாவி', 'வெள்ளந்தி', 'பாவம் மனுஷன்' எல்லாம் இதே சரிவில் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் 'சாமர்த்தியசாலி', 'கில்லாடி', 'காரியக்காரன்' என்ற சொற்களில் பாராட்டின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. சான்றோர் என்ற சொல்லை நாம் விழா அழைப்பிதழுக்கு அனுப்பிவிட்டோம். பக்கத்து வீட்டில் இருப்பவரை யாரும் சான்றோர் என்பதில்லை.

மேலே சொன்ன சொற்களின் பிறந்த ஊர்கள் பலவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குணம், சுபாவம், தைரியம், சபலம், யோக்கியதை எல்லாம் வடமொழி வழி வந்தவை. கறார், உஷார், தில், சென்னைப் பேச்சின் பேமானி ஆகியவை உருது, பாரசீகம் வழி வந்தவை. அவற்றில் பல சந்தை, கச்சேரி, சேவகம் சார்ந்த மிடுக்கும் எச்சரிக்கையும் கொண்ட சொற்கள். இப்போது டீசென்ட், ஸ்ட்ரிக்ட், பிராக்டிகல், டாக்ஸிக். கடன் வாங்குவதில் குற்றமில்லை. 'ஸ்ட்ரிக்ட்' ஒன்று வந்து கண்டிப்பு, கறார், கெடுபிடி மூன்றின் இடத்திலும் உட்கார்ந்துகொள்ளும்போது மட்டும் இழப்பு நேர்கிறது. கண்டிப்பில் அக்கறை உண்டு, கறாரில் கணக்கு உண்டு, கெடுபிடியில் அதிகாரம் உண்டு.

வட்டாரங்களின் கொடையைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் சோம்பல்படுவதற்குப் பஞ்சிப்படுதல் என்பார்கள், அடங்காத பிள்ளை குழப்படிக்காரன், சூழ்ச்சியில் கெட்டிக்காரன் சுழியன், பொய்ப்பகட்டு பம்மாத்து. மதுரையில் லந்து, கொங்கில் லொள்ளு, நெல்லையில் கூறுகெட்டவன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த வட்டாரம் எதைப் பொறுத்துக்கொள்ளும், எதைப் பொறுக்காது என்ற கணக்கு இருக்கிறது.

இவற்றைத் தொகுக்கும் மரபு நம்மிடம் பழையது. திவாகர நிகண்டு தன் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்றைப் பண்புப் பெயர்களுக்கே கொடுத்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஏட்டுச் சொல்லோடு பேச்சு வழக்கையும் ஓரளவு சேர்த்தது. 1992-இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்ததால், சொல் எங்கே எப்படி விழுகிறது என்று தெரிந்தது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதைத் தனி எழுத்தாளர்கள் செய்துகாட்டிய வேலை. இந்த நூல்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் இவை அகரவரிசையில் நகர்பவை. குணத்தைச் சொல்லும் சொற்களும் தொடர்களும் மட்டும் பொருள்வாரியாக ஓரிடத்தில் கூடும் தொகுப்பு ஒன்று தேவை.

அவசரமும் இருக்கிறது. பெண்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது புழங்கிய 'பதவிசு', 'நறுவிசு' போன்ற சொற்கள் அருகிவருகின்றன. பதவிசு என்பது பேச்சிலும் நடையிலும் காட்டும் இதமான பாங்கு. நறுவிசு என்பது எடுத்த வேலையைத் துளி சிந்தாமல், சிதறாமல், கண்ணுக்கு அழகாக முடிக்கும் குணம். மாவு அரைத்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால் "எவ்வளவு நறுவிசா செய்திருக்கா பாரு" என்பார்கள். வேலையின் நேர்த்தியை ஒழுக்கமாகப் பார்க்கும் இந்தச் சொல்லை ஆணுக்கும் விரிக்கலாம், அலுவலகத்துக்கும் கொண்டுபோகலாம்.

தொகுப்பவர்கள் சொல்லோடு நின்றுவிடாமல், யார், யாரைப் பற்றி, எந்த நேரத்தில், நேரிலா மறைவிலா சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். 'திமிர்' என்ற பதிவின்கீழ், வரப்பில் குடை பிடித்து நின்றவர் கூலி கேட்ட பெண்ணைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் ஒன்று இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியில், அந்தப் பெண்ணின் பேத்தி கல்லூரி விடுதியில் தோழிகளிடம் "ஆமா, எனக்குத் திமிர்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் இருக்கட்டும்.